அக்கா இல்லாத இடத்தில் நாம் பேசுவது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம், இஸ்லாமியர்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். இங்கேயே வாழ்கிற எங்களுக்கு அதன் அர்த்தம் வேறு. எங்கள் கிணற்றடியில் நின்றால் ஒரு பக்கத்து வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றுவது தெரியும். மறுபக்கத்து வீட்டில் குடும்ப ஜெபத்துக்குப் பாட்டுப் பாடுவது கேட்கும். ஒதுங்கி வாழலாம் என்று யாராவது நினைத்தாலும் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சிஎஸ்ஐ என்கிற சீர்திருத்தச் சபையில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இளம் பெண்கள் சிலர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "டீச்சர், ஃபோனைத் திறந்தாலே ரெண்டு பக்கமும் வெறுப்பா இருக்கு. இந்த நேரத்தில மத்த மதத்துக்காரங்களோட எப்படிப் பழகுறது?" வாயால் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் பதில் இதுதான். நேரில் நிற்கிற நண்பரிடம் அன்பாக இருப்பது பெரிய காரியமே இல்லை, நம் ஊரில் எல்லோருக்கும் அது கைவந்த பழக்கம். அவர் இல்லாத இடத்தில், நம் ஆட்கள் மட்டும் கூடியிருக்கும்போது, அவரைப் பற்றியும் அவர் ஜனங்களைப் பற்றியும் நாம் என்ன பேசுகிறோம், என்ன பேச விடுகிறோம்? நம் விசுவாசம் அங்கேதான் தெரியும்.

எனக்கு 1982 நினைவிருக்கிறது. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழா நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மோதல் தொடங்கியது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். அதன் பிறகு கலவரம் ஊர் ஊராகப் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்ததும், சைவ ஆதீனத் தலைவரான குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து அமைதிக்காகப் பாடுபட்டதும் பெரியவளான பிறகு நான் தெரிந்துகொண்டவை. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையான எனக்குத் தெரிந்தது வதந்தி மட்டும்தான். "இன்னைக்கு ராத்திரி வாறாங்களாம்." எங்கள் தெருவில் ஆண்கள் தூங்காமல் காவல் இருந்தார்கள். யாரும் வரவில்லை. பல வருஷம் கழித்து, கல்லூரியில் என்னோடு படித்த பக்கத்துத் தெருப் பெண் சொன்னாள்: அதே ராத்திரிகளில் அவர்கள் தெருவிலும் ஆண்கள் காவல் இருந்திருக்கிறார்கள். நாங்கள் வருகிறோம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு கொத்தனார் குடும்பம், இந்துக்கள். இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்தே சிநேகம். ஜங்ஷனில் சாயாக்கடை திரும்பத் திறந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் போய் வெளி பெஞ்சில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. சாயா குடிப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், இருட்டினால் சேர்ந்தே திரும்பி வருவார்கள். வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசலாமே என்று அம்மா பயந்துகொண்டு கேட்டாள். "திண்ணையில இருந்தா யாருக்குத் தெரியும்? ஜங்ஷன்ல இருந்தாத்தான் நாலு பேர் பார்ப்பான்" என்றார் அப்பா. சபையில் ஒருவர், "அவனோட உனக்கென்ன சாயா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். "இன்னைக்குச் சாயா அவன் வாங்கித் தந்தான், நாளைக்கு நான் வாங்கணும், கடன் இருக்குல்லா" என்று அப்பா பதில் சொன்னதை அம்மா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கொத்தனார் மாமாவுக்கும் அவர்கள் பக்கம் ஏச்சு விழாமல் இல்லை.

இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்ததால் கலவரம் நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த பெஞ்சைப் பார்த்த பிறகு எங்கள் தெருவில் "அவனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று யாரும் வாய் திறந்து பேச முடியவில்லை. கொத்தனார் மாமாவின் முகம் கண்முன்னே வந்துவிடும். ஒரு நட்பு வெளியே தெரிய வேண்டும் என்பதை நான் அங்கேதான் படித்தேன். இன்னொன்றும் உண்டு. அந்த நட்பு கலவரத்துக்கு முன்பே, கிணற்றுத் தண்ணீரிலும் வேலி ஓலையிலும் வளர்ந்தது. பிரச்சினை வந்த அன்றைக்குப் போய் நட்பைத் தேடினால் அது கிடைக்காது.

என் சொந்த அனுபவம் 2004-ல் தொடங்குகிறது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆராதனையில் இருக்கும்போது சுனாமியால் கடல் உள்ளே வந்துவிட்டது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஒவ்வொரு ஊராகச் செய்தி வந்தது. அடுத்த நாள் பாதிக்கப்பட்டவர்களுக்காக நாங்கள் சமைக்கக் கூடினோம். காய்கறி வெட்ட உட்கார்ந்தபோது எனக்கு எதிரே அரிவாள்மணையில் இருந்தவர்தான் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த அக்கா. பெயரைத் தவிர எனக்கு அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. மாசி மாசம் இருமுடி கட்டி மண்டைக்காட்டுக்குப் போகிறவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடப்புறத்துல சின்னப் பிள்ளைங்களும் இருக்கும்லா, காரம் குறைச்சுப் போடுவோமா டீச்சரே?" செத்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவர்கள். மண்டைக்காட்டுக்காரர்கள் என்றும் கடற்கரைக்காரர்கள் என்றும் எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே 1982-ல் கோடு கிழிக்கப்பட்டதோ, அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்று அவருக்குத் தோன்றியதே, அதை நான் மறக்கவில்லை. எங்கள் பழக்கம் அந்தச் சாம்பாரிலிருந்து ஆரம்பித்தது.

நண்பர்களைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான்: மத நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போவதைவிட, சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். மேடையில் மூன்று மதத்துக்காரர்களும் கைகோத்துப் படம் எடுப்பது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயம் உரித்தால் ஒருவரை ஒருவர் தெரிந்துவிடும்.

அப்புறம் சாப்பாடு. கிறிஸ்தவ வீடுகளில் இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆனால் பாதி நட்புகள் இந்த இடத்தில்தான் முறிகின்றன. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா? வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரமும் 10ஆம் அதிகாரமும் இதைத்தான் பேசுகின்றன. அவற்றைப் படித்துவிட்டு நல்ல விசுவாசிகளே இரண்டு விதமாக நடக்கிறார்கள். நான் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிறவர்களை நான் குற்றம் சொல்வதும் இல்லை.

நான் பார்த்தவரை பலர் செய்வது இதுதான்: சிரித்துக்கொண்டே வாங்குவது, கதவைச் சாத்தியதும் குப்பையில் போடுவது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் பக்தியோடு கொண்டுவந்ததை அவருக்குத் தெரியாமல் எறிவதைவிட, "வேண்டாம்" என்று நேரில் சொல்வது எவ்வளவோ மரியாதை. அக்கா முதல் தடவை மண்டைக்காட்டுப் பிரசாதமான மண்டையப்பம் கொண்டுவந்தபோது நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. படைச்சதை நான் சாப்பிடுறதில்ல. உங்க சாமியை இளக்காரமா நினைச்சு இல்ல. என் ஆண்டவருக்கு நான் குடுத்த வாக்கு மாதிரி இது." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் சனிக்கிழமை கறி தின்னாத மாதிரி" என்றார். "அப்படித்தான்" என்றேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியும் வைத்திருந்தார். அது எங்களுக்கு. பெரிய பானையிலிருந்து படைப்பதற்கு முன்னால் எடுத்து எனக்குத் தர அவர் மனசு ஒப்பவில்லை. சாமிக்கு முன்னால் மனுஷருக்கு எடுப்பது அவர்கள் வீட்டில் பெரிய தப்பு. எனக்கும் தப்பு வரக்கூடாது, அவருக்கும் தப்பு வரக்கூடாது. அதற்காக அந்த அதிகாலையில் இரண்டாவது அடுப்பு மூட்டியிருக்கிறார். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கூட இரண்டு அதிகம் போட்டிருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சட்டி நிற்கவில்லை.

இதே கவனத்தை நாமும் காட்ட வேண்டும் அல்லவா? கிறிஸ்துமஸ் எப்போதும் சபரிமலை மண்டல காலத்துக்குள்தான் வரும். அக்காவின் மகன் மாலை போட்டிருக்கிற வருஷம் அந்த வீட்டில் சுத்த சைவம். அப்போது முட்டை சேர்த்த கேக்கையும் இறைச்சிக் கறியையும் தட்டில் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு "அவங்க தொடவே இல்ல பாத்தியா" என்று சடைப்பது நியாயமில்லை. நாங்கள் முந்திரிக்கொத்து செய்து கொடுப்போம். வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய், வெளியே அரிசி மாவு, தேங்காயெண்ணெயில் பொரித்தது. அதில் முட்டை கிடையாது. அக்கா வீட்டிலும் அதே பலகாரத்தைத்தான் தீபாவளிக்குச் செய்கிறார்கள், அதனால் பாகு இறுகியதா இளகியதா என்று பெரிய விமர்சனமே வரும்.

இனி முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

ஒரு நாள் எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு கூட்டம் தேவாலயத்துக்குள் நுழைந்து எல்லாவற்றையும் உடைக்கிறது. "நேற்று நம் நாட்டில் நடந்தது, எல்லோருக்கும் அனுப்புங்கள், ஜெபியுங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. சில நிமிஷத்தில் அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வரிசையாக வந்தன. அப்புறம் ஒருவர் எழுதினார்: "இவனுங்க எல்லாம் இப்படித்தான்." நான் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். பின்னால் தெரிந்த கடைப் பலகைகளில் இருந்த எழுத்து எந்த இந்திய மொழியும் இல்லை. பேரனிடம் கொடுத்தேன். அவன் ஒரு படத்தை எடுத்துத் தேடிப் பார்த்து, அது வேறொரு நாட்டில் பல வருஷத்துக்கு முன் நடந்தது என்று காட்டினான்.

நம் நாட்டில் சபைகள் தாக்கப்படுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008-ல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த கலவரம் பொய்யல்ல. அந்த ஜனங்களுக்காக நாங்கள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். உண்மையிலேயே பாடுபட்டவர்கள் இருக்கும்போது பொய் வீடியோவுக்கு அழுவது அவர்களுக்கும் செய்கிற துரோகம்.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." ஓய்வுநாள் பாடசாலையில் பத்துக் கட்டளையை ஒப்பித்துப் பரிசு வாங்கிய பெண்கள்தான் அந்தக் குழுவில் எல்லோருமே. விரலால் தட்டி அனுப்புவதும் சாட்சி சொல்வதுதான். தெரியாமல் அனுப்பினேன் என்றால், தெரியாத விஷயத்துக்கு ஏன் சாட்சிக் கூண்டில் ஏறினோம்?

நான் குழுவில் உடனே ஒன்றும் எழுதவில்லை. அனுப்பியவரை ஃபோனில் கூப்பிட்டேன். நல்ல ஜெபிக்கிற பெண், மனசில் கள்ளமில்லாதவர். "இந்த வீடியோ எங்க நடந்ததும்மா?" என்று மட்டும் கேட்டேன். தெரியாது, அவருக்குத் தங்கை அனுப்பினாள் என்றார். பேரன் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நீங்களே குழுவில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், நான் போட்டால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்றேன். அவருக்குக் கோபம். "டீச்சருக்கு எப்பவும் அவங்க மேலதான் பாசம்" என்று வைத்துவிட்டார். ஆனால் அன்று ராத்திரி குழுவில் "அது பழைய வீடியோ, வேறு நாடாம்" என்று அவரே எழுதினார். என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. அது போகட்டும். அதற்குப் பிறகு ஏதாவது வந்தால் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிக் கேட்கிறார்.

"இவனுங்க எல்லாம் இப்படித்தான்" என்று எழுதியவரிடம் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. பொய்யை நிரூபிக்கலாம், வெறுப்பை எப்படி நிரூபிப்பது? கூட்டம் முடிந்து நடந்து வரும்போது சொன்னேன். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரத்தம் குடுத்த பையன் யாரு? அக்கா மவன் தானே. அந்த 'எல்லாம்'ல அவனும் வந்துட்டானே." அவர் பதில் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் அழுத்தவில்லை. இப்படிப் பேசும்போது ஒரு பெயரையும் ஒரு முகத்தையும் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் போதும், வாக்குவாதம் தேவைப்படாது. பொதுவாக நல்லிணக்கம், சகிப்புத்தன்மை என்று பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இது ஒரு பக்கத்துக் கதை மட்டுமல்ல. அக்காவின் ஃபோனிலும் வருகிறது. ஒரு நாள் மதிற்சுவர் அருகே வந்து, "டீச்சரே, மதத்துக்கு ஆள் சேர்த்துவிட்டா உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வருமாமே, எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனாலும் ஒன்றை யோசித்தேன். என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் என்னிடம் வந்து கேட்கிறாரே, அது எவ்வளவு பெரிய நம்பிக்கை. எங்கள் சபையின் ஆண்டு வரவு செலவு அறிக்கையை எடுத்து வந்து காட்டினேன். காணிக்கை, தசமபாகம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலை போன விலை, எல்லாம் இருந்தது. "எங்க கோயில் கணக்கை விட மோசமா இருக்கே" என்றார். அடுத்த மாதம் அவர் தங்கை வீட்டில் அதே பேச்சு வந்தபோது, "நான் அவங்க கணக்கைப் பாத்தேன்" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தங்கை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் இல்லாத இடத்தில் எனக்காகப் பேசிய அந்த வார்த்தைக்கு நான் என்ன திருப்பித் தர முடியும்? அவர் இல்லாத இடத்தில் அவருக்காகப் பேசுவதைத் தவிர?

இனி சாட்சி சொல்வது பற்றி. நட்பைத் தூண்டிலாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்காக என் ஆண்டவரை மறைத்துக்கொண்டு பழக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டவர் டச்சுத் தளபதி டிலனாய். பிடித்த ராஜாவுக்கே பிறகு படைத்தலைவர் ஆனார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அதிகாரி, அவருக்கு நண்பர். நீலகண்டருக்குக் கால்நடைகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்த நேரத்தில் டிலனாய் அவரிடம், எல்லாவற்றையும் இழந்தும் விசுவாசத்தை இழக்காத யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-ல் காற்றாடிமலையில் மரணம், 2022 மே 15-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் தேவசகாயம் என்று அறிவித்தது. டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. நாங்கள் சிஎஸ்ஐக்காரர்கள், புனிதர்களிடம் வேண்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்று உண்டு. டிலனாய் நண்பனின் துக்கத்தைக் கேட்டிருக்கிறார். மாடு செத்தவனிடம் சொல்வதற்கு வேதத்தில் எந்தக் கதை இருக்கிறது என்று யோசித்திருக்கிறார். கேட்காமல் சொல்லியிருந்தால் யோபு வந்திருக்க மாட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது விடியற்காலையிலேயே போய்விட்டேன். துட்டி வீட்டில் நமக்கு முதல் வேலை அடுப்படியில்தான், அதாவது நம் வீட்டு அடுப்படியில். கடுங்காப்பி, பிறகு கஞ்சியும் பயறும். அங்கே உலை வைக்க மாட்டார்கள் என்பதால் தெருவில் முறை வைத்துக் கொடுத்தோம். எங்கள் சபைச் சகோதரி ஒருவர் நல்ல எண்ணத்தோடு சுவிசேஷக் கைப்பிரதிகள் எடுத்து வந்திருந்தார். அவற்றை வாசலிலேயே வாங்கி என் பைக்குள் வைத்துவிட்டு, "உள்ள போய் அக்கா கையைப் பிடிச்சுட்டு இருங்க" என்றேன். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றுதான் ரோமர் 12-ல் எழுதியிருக்கிறது. அழுகிறவர்களிடம் காகிதம் கொடுக்கச் சொல்லவில்லை.

பதினாறு கழிந்து ஒரு மத்தியானம் அக்காவே கேட்டார்: "உங்க வேதத்துல செத்தவங்களைப் பத்தி என்ன சொல்லியிருக்கு டீச்சரே?" செத்துப்போன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பிய கதையைச் சொன்னேன். எழுப்பப் போகிறவரே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்று சொன்னபோது, "அவரும் அழுதாரா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். அன்று பேச்சு அதோடு நின்றது. அடுத்த மாசியில் அவர் வழக்கம்போல் மண்டைக்காட்டுக்குப் போனார். நான் தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அது அவருக்கும் தெரியும். பேத்திக்குப் பரீட்சை என்றால் "உன் லிஸ்ட்ல அவளையும் சேர்த்துக்க" என்பார். அவர் என் விசுவாசத்துக்கு வந்தால்தான் நட்பு என்று நான் ஒரு நாளும் வைக்கவில்லை. ஆண்டவர் சீஷர்களைப் பார்த்து "நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" என்று சொன்ன ராத்திரியில், அவர்கள் தம்மைத் தனியே விட்டுச் சிதறிப்போவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் கோயில் கொடையானாலும் சபையின் கன்வென்ஷன் கூட்டமானாலும் தென்னை மரத்தில் குழாய் கட்டாமல் நடக்காது. அக்கா வீட்டுக்காரர் படுக்கையில் இருந்த வருஷம் எங்கள் கன்வென்ஷன் குழாய் ஒன்று நேராக அவர்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கமிட்டியில் எழுந்து பேசினேன். முதலில், "அவங்க கொடைக்கு நாம சொன்னா கேட்பாங்களா?" என்றார்கள். கேட்பார்களோ இல்லையோ, நம் குழாயைத் திருப்ப நமக்கு யார் அனுமதியும் வேண்டாமே என்றேன். கொஞ்சம் இழுபறிக்குப் பின் திருப்பினார்கள். நாம் சரியானதைச் செய்வதற்கு எதிர்த்தரப்பு முதலில் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் இரண்டு தரப்பும் காத்துக்கொண்டே இருக்கும். "உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் பவுலும் எழுதினார்.

சபைக்குள்ளும் இதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த மதத்துக்காரரிடம் இவ்வளவு அன்பாக இருக்கிற சிலர், சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தலில் எதிர் அணியில் நின்றவரோடு வருஷக்கணக்கில் பேசுவதில்லை. ஒரே பெஞ்சிலிருந்து திருவிருந்துக்கு எழுந்து போவார்கள், கை கொடுக்க மாட்டார்கள். கடற்கரை ஜனங்களைப் பற்றி உள்நாட்டு விசுவாசிகள் பேசும் சில பேச்சுகளை இங்கே எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசிவிட்டு, மதவெறி ஒழிய ஜெபம் வைத்தால் யார் நம்புவார்கள்? அவர்கள் இல்லாத இடத்தில் என்ன பேசுகிறோம் என்ற கேள்வி இங்கேயும் பொருந்தும், இன்னும் கூர்மையாகவே.

கடைசியாக, "எனக்கு அப்படி நண்பர்களே இல்லையே டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு. இப்போது பலருக்கு அதுதான் நிலைமை. பள்ளிக்கூடம், டியூஷன், ஜிம், கல்யாண வீடு எல்லாமே சொந்த ஆட்களோடு முடிந்துவிடுகிறது. உடனே போய் உதவி செய்யத் தொடங்காதீர்கள். உதவி கேளுங்கள். யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத சமாரிய இனத்துப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் பேசியது "தாகத்துக்குத் தா" என்றுதான். அவர் கொடுக்க வந்தவர், ஆனாலும் கேட்டுத்தான் ஆரம்பித்தார். கொடுத்துக்கொண்டே இருக்கிறவரிடம் மற்றவர் கடன்பட்டவராகவே நிற்க வேண்டியிருக்கும். கேட்கிறவரிடம்தான் சமமாக நிற்கலாம். கருவேப்பிலை கேளுங்கள். ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் அந்த வீட்டுப் பெரிய பெண்ணைச் சொல்லித் தரச் சொல்லுங்கள், நம் பிள்ளையை அங்கே அனுப்புங்கள்.

நாங்கள் சிகிச்சைக்காக வேலூர் போனபோது வீட்டுச் சாவியை அக்காவிடம்தான் கொடுத்தோம். சொந்தத் தம்பி நாலு தெரு தள்ளி இருக்கிறான், அவனுக்குக்கூட வருத்தம். ஆனால் ராத்திரி வாசல் லைட் எரிகிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டாரால்தான் முடியும். ஆகவே நீங்களும் வெளியூர் போனால் சாவியை அப்படி ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், கோழிக்கு எத்தனை மணிக்குத் தீனி போட வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.